எடைமேடையில் நான் செருகிய அட்டை

அம்சவேணி திருடவில்லை.

அது எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டே, அவள் திருடிதான் என்று எல்லோரும் நம்பும்படி வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தேன்... இல்லை, சும்மாகூட இல்லை. சிரித்தேன்!

இதை உங்களிடம் சொல்ல முடிகிறது, ஏனென்றால் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் சொல்லும் தைரியம் எனக்கு இருந்திருந்தால், சொல்வதற்கு ஒன்றும் நடந்தே இருக்காது.

நான் விழுப்புரத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். பெயர் குணா. ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது, நரைத்த மீசை, நரைக்காத நாக்கு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டரைக் காட்ட வருகிறார்கள். மீதிப் பேர் என் நக்கலைக் கேட்க வருகிறார்கள். இரண்டாவது கூட்டம் காசு தராது என்றாலும் அவர்களைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். என் மனைவி சொல்வாள்: "எல்லா மெஷினுக்கும் சுவிட்ச் வச்ச கடவுளு, உங்க வாய்க்கு மட்டும் வைக்க மறந்துட்டாரு." நான் அதையும் கடையில் வந்து சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைப்பேன்.

அம்சவேணி வேலை பார்த்தது திண்டிவனத்தில், பக்கிரிசாமி என்பவரின் எடைமேடையில். லாரி, டிராக்டர் எல்லாம் அந்த இரும்புத் தட்டின்மேல் ஏறி நிற்கும். பக்கத்து அறையில் உட்கார்ந்து அவள் எடையைப் பதிந்து சீட்டு அடித்துத் தருவாள். தட்டுக்கு அடியில் இருக்கும் கருவி ஒரு சின்னப் பெட்டிக்கு எடையைச் சொல்லும். பெட்டி ஒரு கம்பி வழியாகக் கணினிக்குச் சொல்லும். அந்தக் கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்.

"வைரஸ் வராது, ஹேங் ஆகாது, பொய் சொல்லாது முதலாளி" என்று அன்று பெருமையடித்தேன். வாய்... வாய்!

பக்கிரிசாமி கெட்டவர் இல்லை. சந்தேகப் பேர்வழி, அவ்வளவுதான். டீக்கடையில் டீயைக் குடிப்பதற்கு முன் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். பெட்ரோல் போடும்போது இறங்கி நின்று மீட்டரை முறைப்பார். சொந்த மச்சான் வணக்கம் வைத்தால், எதற்கு வைத்தான் என்று சாயங்காலம் வரை யோசிப்பார். அப்படிப்பட்டவரின் கண்ணில், ஒருநாள் அம்சவேணி ஓட்டிவந்த புது ஸ்கூட்டி பட்டுவிட்டது.

எனக்குப் போன் வந்தது.

"குணா, ஜல்தியா கிளம்பி வா. அந்தப் பொண்ணு வண்டி வாங்கியிருக்குது."

"நல்ல விஷயந்தானே முதலாளி. ஸ்வீட் குடுத்துச்சா?"

"யோவ், நான் குடுக்கிற சம்பளம் எனக்குத் தெரியாதா? எங்கேர்ந்து வந்துச்சு வண்டி? லாரிக்காரங்ககிட்ட காசு வாங்கிக்கினு எடையை மாத்துதோ இன்னாவோ. ரூமுக்குள்ள ஒரு கேமரா வைக்கணும். அதுக்குத் தெரியக்கூடாது."

அவளுடைய தம்பி வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்கிய வண்டி அது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். யார் கேட்டது?

இந்தக் காலத்தில் கம்பியே இல்லாத கேமரா கைப்பிடிக்குள் அடங்குகிறது. ஆனால் என் கடையில் ஒரு பழைய கேமரா அட்டை கிடந்தது, கேமராக் கம்பியைக் கணினியோடு சேர்க்கும் கார்டு, மூடிப்போன ஒரு லாட்ஜின் கணினியிலிருந்து கழற்றியது. வீணாகக் கிடக்கிறதே என்று நினைத்தேன். சுவர்க் கடிகாரம் ஒன்றுக்குள் கேமராவை ஒளித்து, கம்பியைச் சுவருக்குப் பின்னால் இழுத்து, அந்த அட்டையைக் கணினிக்குள் செருகினேன். அம்சவேணி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா புதுசா எதோ சொருகிறீங்க?"

"ஸ்பீடு ஏத்துறேம்மா."

"அந்தக் கடிகாரமும் நீங்க கொண்டாந்ததா? ரொம்ப தேங்க்ஸ்ண்ணா. சாப்பாட்டு நேரம் பாக்கறதுக்குப் போனையே நோண்ட வேண்டியிருந்துச்சு. முதலாளி அதுக்கும் முறைப்பாரு."

கடிகாரத்துக்கு நன்றி சொன்னாள்! அதைக் கேட்டு நான் உள்ளுக்குள் சிரித்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகுதான் எடை கெட ஆரம்பித்தது.

காலையில் சரியாக இருக்கும். மதியம், தகரக் கூரை நன்றாகச் சூடேறிய பிறகு, திரையில் முன்னால் போன வண்டியின் எடை அப்படியே நிற்கும். புது வண்டி ஏறி நின்றாலும் மாறாது. அம்சவேணி முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள்.

"அண்ணா, பெட்டியில ஒரு எடை காட்டுது, ஸ்க்ரீன்ல ஒண்ணு காட்டுது. ஒரே பேஜாரா இருக்குதுண்ணா."

கடையில் கூட்டம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்னேன்: "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணும்மா. எப்பல்லாம் அப்படி ஆவுதோ அப்பல்லாம் பண்ணு. சரியாயிடும்."

சரியானது. மறுநாள் மதியம் மறுபடி கெட்டது. அவள் மறுபடி அணைத்துப் போட்டாள். கூட்டம் இல்லாதபோது பெட்டியையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வாள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வரத்து தொடங்கி வண்டிகள் வரிசை கட்டி, பின்னால் நிற்பவன் ஹாரன் அடிக்கும்போது யாரால் ஒப்பிட முடியும்? சில சீட்டுகள் தப்பான எடையோடு போய்விட்டன.

மண்டகப்பட்டிலிருந்து டிராக்டரில் வந்த ஒரு விவசாயி சீட்டோடு திரும்பி வந்து, பக்கிரிசாமியின் மேசைமேல் அதை அறைந்தார்.

"இன்னாய்யா அநியாயம் இது! மூட்டை மூட்டையா மல்லாட்டை ஏத்திக்கினு வந்திருக்கிறேன். காலி மினி வேன் எடையைப் போட்டுக் குடுத்தா எப்பிடி? நான் இன்னா பஞ்சா ஏத்திக்கினு வந்தேன்?"

பக்கிரிசாமி அவரிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடி எடை போட்டுக் கொடுத்து அனுப்பினார். பிறகு எனக்குப் போன் செய்தார். நான் திண்டிவனம் போய் இறங்கியதும், கணினிப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், அவர் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன்.

"மெஷின்ல கோளாறா, ஆளுல கோளாறா?"

"மெஷினுக்குச் சம்பளம் பத்தலைன்னு கவலை இல்லையே முதலாளி!"

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு ஆளின் பிழைப்பு அந்தச் சிரிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு என் பதிலின் அழகுதான் பெரிதாகப் பட்டது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் நானும் அவளைச் சந்தேகித்தேன். சந்தேகம் ஒட்டுவாரொட்டி. வந்துவிட்டால் எல்லாமே சாட்சி சொல்லும். ஏன் எப்போதும் கதவைச் சாத்திக்கொள்கிறாள்? ஏன் திரையை உள்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறாள்? லாரி டிரைவர்கள் ஏன் இவளிடம் மட்டும் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார்கள்? கதவைச் சாத்தியது மல்லாட்டைத் தூசிக்காக. திரையைத் திருப்பியது வெயில் கூசியதற்காக. மரியாதை... அவள் மரியாதையாகப் பேசினாள், அதற்காக!

பக்கிரிசாமி தன் அறைக் கணினியில் கேமரா பதிவை ஓட்டினார். திரையில் அம்சவேணி சீட்டு அடிக்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள், முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள். மதியம் ஆகிறது. சட்டென்று படம் உறைந்தது. கை தூக்கியபடி, வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றாள். படத்தின் ஓரத்தில் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தப்பான எடை விழுந்த நேரமும் அதுதான்.

"பாத்தியா!" என்று எழுந்தே விட்டார். "எடையில வேலை காட்றதுக்கு முன்னாடி கேமராவை நிறுத்திட்டிருக்குது! எவ்ளோ விவரம் பாரு!"

"கேமரா இருக்கிறதே அதுக்குத் தெரியாதே முதலாளி..."

"தெரிஞ்சிருக்கும். தெரியாத மாதிரி நடிக்குது."

தெரியாது என்பதே தெரியும் என்பதற்கு ஆதாரமாகிவிட்டது. ஆனால் எனக்கு ஒன்று இடித்தது. எடையும் படமும் ஒரே நேரத்தில் நின்றால்... இரண்டும் வேறு வேறு அட்டை. வெளியே வேறு வேறு கம்பி. ஒரே நேரத்தில் ஏன் நிற்க வேண்டும்?

அவள் சாப்பிடப் போயிருந்தாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, விசைப்பலகை முன் உட்கார்ந்தேன்.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு அட்டையும், தன்னிடம் செய்தி வந்தால் மூளைக்கு மணி அடிக்கும். மணிக் கம்பிகளோ கொஞ்சம்தான். வரிசை வீடுகளில் நாலு குடித்தனத்துக்கு ஒரே அழைப்பு மணி இருக்குமே, அதுபோல இரண்டு மூன்று அட்டைகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும். மணி அடித்தால் மூளை ஒவ்வொருவராகக் கேட்கும்: நீயா அடித்தாய்? நீயா? ஒருவர் ஆமாம் என்றால் பிரச்சினை இல்லை. மணி விடாமல் அடித்துக்கொண்டே இருந்து, எல்லோரும் நான் இல்லை, நான் இல்லை என்றால்? லினக்ஸ் கொஞ்சம் பொறுக்கும். பிறகு அந்தக் கம்பியையே துண்டித்துவிடும். அதன்பின் அந்தக் கம்பியில் இருந்த யார் அடித்தாலும் உடனே கேட்காது. அவ்வப்போது எட்டிப் பார்ப்பதோடு சரி. வருகிற செய்தி அரைகுறையாகச் சிதைந்து வரும்.

எந்த அட்டை எந்தக் கம்பியில் இருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. தட்டினேன். பதினாறாம் எண் மணிக் கம்பியில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று, எடைப்பெட்டியின் கம்பி வந்து சேரும் அட்டை. இன்னொன்று, நான் லாட்ஜிலிருந்து கொண்டுவந்து செருகிய அட்டை.

அடுத்த கட்டளை, இயந்திரம் தனக்குத்தானே முணுமுணுத்து வைத்ததைக் காட்டுவது. ஐ.ஆர்.கியூ. பதினாறு, அதாவது பதினாறாம் மணிக் கம்பி, நோபடி கேர்ட் என்று இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்குக் கீழே, கம்பி துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி. முந்தின நாட்களையும் தேடினேன். ஒவ்வொரு மதியமும் அதே வரி, அதே வரி, அதே வரி...

என் கிழட்டு அட்டை வெயிலில் சூடேறி, காரணமே இல்லாமல் மணி அடித்திருக்கிறது. யார் என்று கேட்டபோது நான் இல்லை என்றிருக்கிறது. மணிக் கம்பி அறுந்ததும் எடையும் அதோடு போயிருக்கிறது. சிதைந்த எண்களை மென்பொருள் தள்ளிவிட்டு, கடைசியாகச் சரியாக வந்த எடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. படமும் அதே மணிக் கம்பி என்பதால் அதுவும் உறைந்திருக்கிறது.

அவள் திருடுகிறாளா என்று பார்க்க வைத்த பொருளே அந்தத் திருட்டை உண்டாக்கியிருக்கிறது! அட்டையைச் செருகுவதற்கு முன் இங்கே ஒரு குற்றமும் இல்லை.

எவ்வளவு சுலபமாகச் சரிசெய்திருக்கலாம், தெரியுமா? அட்டையைப் பிடுங்கினால் போதும். பக்கிரிசாமியிடம் போய், "முதலாளி, தப்பு என்னுது" என்று சொன்னால் போதும். மூன்றே சொற்கள். நாளெல்லாம் பேசுகிறவனுக்கு மூன்று சொற்கள் ஒரு பாரமா?

நடந்து போனேன். அவர் அறை வாசலில் நின்றேன்.

"சொல்லு. மெஷின்ல எதனா இருக்குதா?"

அவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். இருவருமே என் வாடிக்கைக்காரர்கள். இருவருக்கும் நான்தான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன், பொய் சொல்லாது என்று சொல்லி. ஒருவர் ஏற்கெனவே புன்னகையோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த நக்கலுக்காக.

"மெஷின் சுத்தம் முதலாளி" என்றேன்.

என் குரல்தான் அது.

அம்சவேணியைக் கூப்பிட்டார்கள். சோற்றுக் கையைக் கழுவிவிட்டு, ஈரத்தோடு வந்தாள்.

"தெனமும் மத்தியானம் ஏன் மெஷினை ஆஃப் பண்ற?" என்றார் பக்கிரிசாமி.

"எடை மாட்டிக்கினு நிக்குது முதலாளி. உங்ககிட்டயும் சொன்னேனே."

"மாட்டிக்கினு நிக்குதா, நீ மாட்டி வைக்கிறியா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. வியாபாரிகளின் முகத்தைப் பார்த்தாள். புரிந்ததும் அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. நிம்மதியாக என் பக்கம் திரும்பினாள். ஆமாம், நிம்மதியாக! சாட்சி இங்கேயே நிற்கிறதே என்ற நிம்மதி.

"தோ அண்ணாவே இருக்காரு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னதே அவர்தான். நீங்களே சொல்லுங்கண்ணா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒரு வாட்டி சொன்னேன்மா" என்றேன். "அதை டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை மாதிரி தெனம் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம்னு எடுத்துக்கிட்டியே!"

வியாபாரிகள் இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். நல்ல நக்கல். இப்போது படித்தாலும் நல்ல நக்கல்தான், இல்லையா? நீங்களும் லேசாகச் சிரித்திருப்பீர்கள் என்று எனக்குச் சந்தேகம்.

அவள் சிரிக்கவில்லை. ஒருவேளை தான்தான் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று யோசிப்பவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். எப்பல்லாம் அப்படி ஆவுதோ அப்பல்லாம் பண்ணு என்று நான் சொன்னது அவள் காதில் சரியாகத்தான் விழுந்தது. அவளோ, தன் காதையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.

அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். பையையும் சாப்பாட்டு டப்பாவையும் ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு போனாள். அந்த ஸ்கூட்டி போவதை வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே பார்த்தார்கள்.

"ஆள்தான் போயாச்சே, கேமரா எதுக்கு? கழட்டிடு" என்றார் பக்கிரிசாமி.

கழற்றினேன். அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்த நொடியிலிருந்து எடை ஒரு கிலோகூடப் பிசகவில்லை.

நான் எதிர்பார்க்காதது ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. அவள் போனதும் எடை சரியாகிவிட்டது! இதைவிடப் பெரிய சாட்சி எது? பக்கிரிசாமி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். "அது போச்சு, எடை சரியாச்சு பாரு." திண்டிவனத்தில் எடைமேடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அவளுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. மல்லாட்டை உடைக்கும் களத்தில், வேலை கிடைக்கும் நாட்களில் மட்டும், பருப்புப் பொறுக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் அவள் சம்பாத்தியம்தான் உலை வைத்துக்கொண்டிருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால், கோழைத்தனம் என்று ஒரு பெயர் வைத்து எங்காவது மூலையில் போட்டிருப்பேன். முடியவில்லை.

போன மாதம் விழுப்புரத்தில், ரைஸ்மில் வைத்திருக்கும் ஒரு வாடிக்கைக்காரர் போன் செய்தார். அவர் மில்லிலும் ஒரு எடைமேடை உண்டு.

"குணா, திண்டிவனத்துப் பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு வேலை கேட்டு வந்திருக்குது. அம்சவேணின்னு பேரு. யாரைக் கேக்கலாம்னா உன் பேரைச் சொல்லுச்சு. ஆளு எப்பிடிப்பா?"

என் பெயரைச் சொல்லியிருக்கிறாள்! என்னை!

நல்ல பெண் என்று சொன்னால் போதுமா? அடுத்த கேள்வி வருமே, அப்புறம் ஏன் பக்கிரிசாமி அனுப்பினார் என்று. அதற்குப் பதில் சொன்னால் அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்டையைச் சொன்னால் அன்றைக்குச் சிரித்ததைச் சொல்ல வேண்டும்... இதெல்லாம் இப்போது உட்கார்ந்து கோக்கிற காரணங்கள். அந்த நேரத்தில் நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"எடை நல்லாத்தான் போடும். யாரு வண்டி எடையை யாருக்குப் போடும்னுதான் சொல்ல முடியாது!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ ஒரு ஆளுய்யா!" என்று சொல்லிப் போனை வைத்தார்.

முதல் தடவை பயத்தில் செய்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த முறை பயமுறுத்த யாருமே இல்லையே! கடையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

இதை எழுதும் என்னையும் நம்பாதீர்கள். இப்படித் திட்டிக்கொண்டால் நீங்கள் என்னைக் கொஞ்சம் நல்லவன் என்று நினைப்பீர்களோ என்ற கணக்கு எங்கேயாவது ஒளிந்திருக்கும். பக்கிரிசாமிக்கு இன்றுவரை போன் செய்யவில்லை. அவர் எண் என் போனில் மேலேயேதான் இருக்கிறது. உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபம். உங்களால் அவளுக்கு வேலை தர முடியாது.

போன வாரம் திண்டிவனம் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்து பேருந்து நிலையத்தில் நின்றபோது, "அண்ணா!" என்று பின்னாலிருந்து குரல். அம்சவேணி. தலையில் மல்லாட்டைத் தோல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. ஸ்கூட்டி எங்கே என்று நான் கேட்கவில்லை.

"அந்த ரைஸ்மில்லுல உங்களைக் கேட்டாங்களாண்ணா?"

"கேட்டாங்கம்மா."

"இன்னா சொன்னாங்க?"

"யோசிச்சு சொல்றேன்னாங்க."

"பரவாயில்லண்ணா. அன்னிக்கு அத்தினி பேரு முன்னாடி நீங்க இன்னா பண்ண முடியும்? நான்தான் நீங்க சொன்னதைச் சரியாக் கேக்காம தெனம் ஆஃப் பண்ணிட்டேன் போல. அதுக்கு மேல உங்க பேரை வேற சொல்லிட்டேன். கோச்சிக்காதீங்க."

நான் வாயைத் திறந்தேன். இதுதான் நேரம், இதுதான், இதுதான்... அதற்குள் விழுப்புரம் பேருந்து உள்ளே திரும்பியது. நிற்பதற்கு முன்பே கூட்டம் ஓடியது. அவளும் ஓடினாள். ஜன்னல் வழியாகத் தன் துணிப்பையைத் தூக்கி உள்ளே ஒரு சீட்டில் எறிந்தாள். இடித்துக்கொண்டு ஏறிப் போய், இன்னொருவர் உட்காரப் போன இடத்தில் சண்டை போட்டுக் கையை வைத்துக்கொண்டு, ஜன்னலிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இங்க வாங்க! உங்களுக்குத்தான் புடிச்சி வச்சிருக்கிறேன். நான் இந்தப் பஸ்ஸு இல்லண்ணா. ஜல்தி வாங்க!"

போனேன். அவள் பையை எடுத்துக்கொண்டு, எனக்கு வழிவிட்டு, நெரிசலில் இறங்கிப் போனாள்.

நான் உட்கார்ந்தேன். விழுப்புரம் வரைக்கும் உட்கார்ந்தேதான் வந்தேன்.